அத்தீர்க்கதரிசி யாரைக் குறித்துச் சொன்னார்?

ஒருவன் துன்புறுகின்றான். அதனைக் காண்பவன், இஃது இவன் செய்த தீவினைக்குக் கிடைத்த தண்டம் என்று துணிகின்றான். இத்துணிபு நியாயமாகுமா? இவ்வினா எல்லாச் சமயத்தார்க்கும் உரியது. ஆயினும், இலங்கை மலைநாட்டிலே சைவப் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லும் ஆசிரியர்களுக்கு இது மிக அணுக்கமானது. கொத்மலைப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் மாரியம்மன் கோயிலும் முருகன் கோயிலும் உண்டு. கிறிஸ்தவர் தேவாலயமும் உண்டு. ஒரு லயனில் அடுத்தடுத்த அறைகளில் வாழும் சைவப் பிள்ளையும் கிறிஸ்தவப் பிள்ளையும் ஒரே வாங்கிலிருந்து கற்கின்றார்கள். அயல்வீட்டிலே கேட்ட விவிலிய வாக்கியம் ஒன்றைச் சைவப் பிள்ளை ஆசிரியரிடம் கொண்டுவந்து பொருள் வினாவுதல் இயல்பேயாம். அங்ஙனம் வினாவத்தக்க வாக்கியம் ஒன்றை ஈண்டு எடுத்துக்கொண்டு ஆராய்வாம்.

அவ்வாக்கியம் விவிலிய நூலின் பழைய ஏற்பாட்டிலே, ஏசாயா என்னும் தீர்க்கதரிசியின் பெயரால் வழங்கும் ஆகமத்தில், ஐம்பத்துமூன்றாம் அதிகாரத்தில் உள்ளது. அங்கே தேவனுடைய ஊழியன் ஒருவன் கூறப்படுகின்றான். அவன் அழகில்லாதவன், அசட்டை பண்ணப்பட்டவன், நோவறிந்தவன். கண்டோர் அவனைத் தேவனால் அடிபட்டவன் என்று எண்ணினர். பின்னரோ, அவன் பட்ட அடி தங்கள் மீறுதல்களின்பொருட்டு நேர்ந்தது என்று உணர்ந்து கூறினர். அடிக்கப்படுவதற்குக் கொண்டுபோகப்படும் ஆட்டைப்போல அவன் வாய் திறந்திலன். அவனுக்கு நியாயம் வழங்கப்பட்டிலது. அவன் தலைமுறையை எடுத்துச் சொல்பவர் யார் என்று ஒரு வினா அங்கே எழுகின்றது. முடிவில் அவன் வாழ்வோர் நிலத்தினின்று அறுப்புண்டான். இதுவே அப்பகுதியின் சாரம்.

புதிய ஏற்பாட்டிலே, அப்போஸ்தலர் நடபடிகளின் எட்டாம் அதிகாரத்தில், இவ்வாக்கியம் ஒரு கதையின் நடுவில் மீண்டும் வருகின்றது. எத்தியோப்பிய நாட்டு அரசியின் பொருட்காவலனாகிய மந்திரி ஒருவன் எருசலேமிலே வழிபட்டுத் தேரில் மீளுகின்றான். அவன் அண்ணகன், எனவே சந்ததி இல்லாதவன். தேரிலிருந்து ஏசாயாவை வாசிக்கின்றான். பிலிப்பு என்பார் அணுகி, வாசிப்பது விளங்குகின்றதா என்று கேட்கின்றார். ஒருவன் வழிகாட்டாவிடின் எங்ஙனம் விளங்கும் என்று அம்மந்திரி மறுமொழி கூறுகின்றான். பின்னர், தீர்க்கதரிசி இதனைத் தம்மைக் குறித்துச் சொன்னாரோ, வேறொருவரைக் குறித்துச் சொன்னாரோ என்று வினாவுகின்றான். பிலிப்பு அவ்வாக்கியத்தையே தொடக்கமாகக் கொண்டு இயேசுவைப் பற்றி அவனுக்கு உபதேசிக்கின்றார். தலைமுறையைச் சொல்பவர் யார் என்னும் வினா, சந்ததியற்ற அம்மந்திரியின் நெஞ்சை எவ்வளவு தொட்டிருக்கும் என்பதைச் சிந்திப்போர் அறிவர்.

சைவராகிய நமக்குப் பிறர் வேதவாக்கியத்தை ஆராய்தலால் வரும் பயன் யாது எனின், கூறுதும். யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர், பேர்சிவல் பாதிரியாருக்குத் துணையாகிப் பல்லாண்டு விவிலியத்தைத் தமிழ்ப்படுத்தும் பணியில் இருந்தார். அவர் 1854ஆம் ஆண்டில் வெளியிட்ட சைவதூஷணபரிகாரம், விவிலியத்தைக் கேள்வியால் அறிந்தவன் எழுதக்கூடிய நூலன்று. வரிவரியாகக் கற்றவன் எழுதிய நூல். யூதர் ஆலயத்துக் கிரியைகளை எடுத்துக் காட்டியே சைவக் கிரியைகளின்மேற் சொல்லப்பட்ட நிந்தையை அவர் மறுத்தார். சேர் பொன்னம்பலம் இராமநாதன் வேறொரு வழி சென்றார். அவர் மத்தேயு எழுதிய சுவிசேஷத்திற்கு 1898ஆம் ஆண்டிலும், யோவான் எழுதிய சுவிசேஷத்திற்கு 1902ஆம் ஆண்டிலும் ஆங்கிலத்தில் விரிவுரை வெளியிட்டார். ஒருவர் மறுப்பதற்குக் கற்றார். மற்றவர் ஒத்துணர்தற்குக் கற்றார். இருவரும் கல்லாது பேசினாரல்லர். இதுவே நமக்கு முறை.

இனி, வாக்கியப் பொருளை நோக்குவாம். அம்மந்திரி கேட்ட வினாவிற்கு இற்றைவரை மூவகை விடை வழங்குகின்றன.

முதலாவது, கிறிஸ்தவர் விடை. குற்றமற்றிருந்தும் கொலையுண்ட இயேசுவே அவ்வூழியன் என்பது. திருச்சபை தொடக்கமுதல் இங்ஙனமே வாசித்து வந்தது. சாக்கடலோரத்துக் கும்ரான் குகைகளில் 1947ஆம் ஆண்டு முதலாகக் கண்டெடுக்கப்பட்ட ஏடுகளுள் ஏசாயா ஆகமத்தின் முழுச்சுருள் ஒன்று உண்டு. அது இயேசுவின் காலத்திற்கு முன்னரே எழுதப்பட்டது. இவ்வதிகாரமும் அதிலே இருக்கின்றது. ஆதலால், நிகழ்ந்தபின் எழுதிச் சேர்த்தார் என்று கூறுதல் பொருந்தாது.

இரண்டாவது, யூதர் விடை. ஊழியன் என்றது தனியொருவனையன்று, சிதறுண்டு பிறர் நாட்டில் இடர்ப்பட்ட இசிரவேல் மக்கள் அனைவரையும் ஒருவனாக வைத்துக் கூறியது என்பது. மூன்றாம் நூற்றாண்டிலிருந்த ஒரிகன் என்னும் கிறிஸ்தவ ஆசிரியரே, தம் காலத்து யூதர் இங்ஙனம் கூறினர் என்று குறித்துள்ளார். பதினோராம் நூற்றாண்டிற் சிறந்த உரையாசிரியராகிய இராசியும் இப்பொருளே கொண்டார்.

மூன்றாவது, வரலாற்று முறையால் ஆராய்வோர் விடை. எருசலேம் கி. மு. ஆறாம் நூற்றாண்டிலே பாபிலோனியரால் அழிக்கப்பட்டது. மக்கள் பலர் சிறைப்பட்டு அந்நாட்டிற்குக் கொண்டுசெல்லப்பட்டனர். கி. மு. 539இல் பாரசீக அரசனாகிய கோரேசு பாபிலோனைக் கைக்கொண்டான். அச்சிறையிருப்பின் இறுதிக் காலத்திலே, பெயரறியப்படாத தீர்க்கதரிசி ஒருவர் இப்பகுதியைப் பாடினார் என்பர். 1892ஆம் ஆண்டில் தூம் என்னும் செருமானிய அறிஞர், ஊழியனைக் குறித்த பாடல்கள் நான்கு என்று பிரித்துக் காட்டினார். நாம் எடுத்துக்கொண்டது நான்காவது. அதன்கண் கூறப்பட்டவன் அத்தீர்க்கதரிசியோ, வேறொரு தலைவனோ, மக்கட்டொகுதியோ என்பதில் அவர்கள் ஒருமைப்பட்டிலர்.

ஒரு வாக்கியத்திற்கு இத்தனை உரையா என்று நாம் நகைத்தல் கூடாது. பல்லக்கைச் சுமப்பவனையும் அதன்மேல் ஊர்பவனையும் காட்டி அறத்தைக் கூறும் குறளை ஆசிரியர் அனைவரும் அறிவர். அறத்தின் பயனை நூலால் அறியவேண்டா, அவ்விருவரையும் கண்டே அறியலாம் என்பது பரிமேலழகர் கொண்ட பொருள். அவ்விருவரிடத்தும் இதுவே அறத்தின் நெறி என்று சொல்லாதே என விலக்கியது என்பார் பிறர். ஓருரை சுமப்பவன் தோளை நோக்கிக் காரணம் கூறுகின்றது. மற்றோருரை காரணம் கூறுவான் வாயை அடக்குகின்றது. நம் நூலிலும் வேற்றுமை உண்டாதலின், பிறர் நூலில் உள்ள வேற்றுமையைப் பொறுமையோடு நோக்குதல் கடனாம்.

தீர்க்கதரிசி என்னும் மொழியையும் ஈண்டு ஆராய்தல் வேண்டும். அது நெடுந்தூரம் காண்பவன் எனப் பொருள்படுதலால், வருவது கூறுவோன் என்னும் எண்ணத்தையே நம்மிடத்து எழுப்புகின்றது. எபிரேய மொழியில் அதற்கு நேராகிய நபி என்னுஞ் சொல்லோ, இறைவனால் அழைக்கப்பட்டு அவன் வாக்கைச் சொல்பவனைக் குறிக்கும். 1995ஆம் ஆண்டில் வெளிவந்த தமிழ் விவிலியப் பொது மொழிபெயர்ப்பு இறைவாக்கினர் என்று வழங்குதல் இதுபற்றியே. ஆகவே தீர்க்கதரிசனம் என்பது பஞ்சாங்கக் கணிதம்போல நாளை நடப்பதை இன்று கூறுதல் மாத்திரமன்று. இன்று நம் கண்ணெதிரே நடப்பதன் உண்மையை, நாம் காணமறுக்குமிடத்து, காணும்படி உரைத்தலே அதன் முதன்மையான தொழில்.

இக்கருத்தை உளங்கொண்டு அவ்வதிகாரத்தை மீண்டும் வாசிக்க. அங்கே பேசுவோர் யார்? துன்புற்ற ஊழியன் பேசவில்லை. அவன் வாய் திறவாதவன். கண்டிருந்தவர்களே பேசுகின்றார்கள். நாம் அவனைத் தேவனால் தண்டிக்கப்பட்டவன் என்று எண்ணினோமே, அஃது உண்மையன்றே என்று அவர்கள் கூறுகின்றார்கள். அவன் யார் என்பதில் மூவகை விடையாளரும் வேறுபடுவர். கண்டோர் கொண்ட துணிபு பொய் என்பதிலோ மூவரும் ஒன்றுபடுவர். அம்மந்திரி, யாரைக் குறித்துச் சொன்னார் என்று கேட்டான். அவ்வினாவோடு, யார் வாயினின்று இச்சொல் வருகின்றது என்னும் வினாவையும் நாம் சேர்த்துக் கேட்டல் வேண்டும். அங்ஙனம் கேட்பின், அடிபட்டவனைப் பற்றியது என்று நாம் நினைத்த வாக்கியம், அடிபடுதலைப் பார்த்திருந்து காரணம் கற்பித்தவர்களைப் பற்றியதாகவும் நிற்றலைக் காண்போம்.

இஃது அவ்வொரு வாக்கியத்திற்கே உரியதன்று. யோபுவின் ஆகமத்திலே, மக்களையும் செல்வத்தையும் உடல்நலத்தையும் இழந்து சாம்பரில் இருந்தவனிடம் அவன் நண்பர்கள் வந்து, நீ பாவஞ் செய்திராவிடின் இது நேராது என்று வாதாடினர். முடிவில் இறைவன் கண்டித்தது யோபுவின் நண்பர்களையே. சீலோவாம் என்னுமிடத்தில் கோபுரம் விழுந்து பதினெண்மர் இறந்ததைக் குறித்து, அவர்கள் ஏனையோரினும் மிக்க குற்றவாளிகளோ என்று இயேசு வினாவி, அல்லர் என்று தாமே விடையிறுத்தார் என லூக்கா எழுதியுள்ளார். பிறவிக் குருடனைக் கண்ட சீடர், இவன் செய்த பாவமோ, பெற்றோர் செய்த பாவமோ என்று கேட்டபோதும் அவர் இரண்டனையும் மறுத்தார் என்பது யோவானின் சுவிசேஷம்.

இங்கே ஒரு தடை எழும். சைவர்களாகிய நீவிர், எல்லாத் துன்பமும் வினைப்பயன் என்பீர். வினையின்றித் துன்பம் இல்லையாயின், குற்றமற்றவன் துன்புற்றான் என்னும் பேச்சே உங்கள் சித்தாந்தத்தில் இடம்பெறாதன்றோ? துன்புறுவோனெல்லாம் குற்றவாளி என்று நீவிரே கூறுகின்றீரன்றோ? இத்தடை பொய்த்தடையன்று. பாதிரிமார் மாத்திரமன்றிச் சைவர் பலரும் இங்ஙனமே கருதுகின்றனர். ஆதலால் இதனை விரித்து விடுக்கின்றாம்.

சிலப்பதிகாரத்தை நோக்குக. கோவலன் சிலம்பு திருடினானல்லன். பாண்டியன் ஆராயாது கொல்வித்தான். கண்ணகி அரசவையில் வழக்குரைத்துத் தன் சிலம்பை உடைத்து உண்மையை நாட்டினாள். பாண்டியன் தானே குற்றவாளி என்று உணர்ந்து அரியணையினின்று வீழ்ந்து உயிர்நீத்தான். இவையெல்லாம் முடிந்தபின்னரே மதுரைமா தெய்வம் கண்ணகியின்முன் தோன்றி, முற்பிறப்பிலே கோவலன் பரதன் என்னும் பெயரோடு, சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் என்று பொய்கூறிக் கொல்வித்த வினையை எடுத்துச் சொல்லிற்று. ஆசிரியர்களே! இளங்கோவடிகள் வைத்த இம்முறையைக் கூர்ந்து நோக்குங்கள். வினை உண்டு என்பதை அந்நூல் மறுத்ததோ? மறுத்திலது. வினை உண்டாகலின் பாண்டியன் குற்றமற்றவன் என்றதோ? அதுவுமன்று. கோவலன் தன் பழவினையால் இறந்தான் என்று சொல்லி அவன் தப்பித்துக்கொள்ளவில்லை. வினையை எடுத்துச் சொல்லும் உரிமை கொன்றவனுக்கு இல்லை. நீதி நிறைவேறியபின், தெய்வமே, துயருற்றவளுக்கு, ஆறுதலாகச் சொல்லிற்று. சொல்பவரும் காலமும் நோக்கமும் மாறின் அம்மெய்யுரையே பொய்யாய் முடியும்.

திருவாரூர்ச் செய்தியும் இத்தன்மைத்தே. அரசிளங்குமரன் தேர்க்காலிற் பட்டுக் கன்று இறந்தது. தாய்ப்பசு ஆராய்ச்சிமணியை அசைத்தது. அமைச்சர் பிராயச்சித்தம் கூறினர். கன்றின் ஆயுள் அவ்வளவே, அதன் வினை அங்ஙனமே என்று சொல்லித் தன் மைந்தனைக் காத்தல் மனுநீதிச் சோழனுக்கு எளிதாயிருக்கும். அவன் அங்ஙனம் சொல்லாமையினாலன்றோ சேக்கிழார் அவனைப் பாடினார்?

இவற்றால் விளங்குவது இது. குற்றம் என்னுஞ் சொல்லுக்கு இரண்டு அவைகள் உண்டு. ஒன்று, பல பிறவிகளின் கணக்கையும் அறிந்த இறைவன் திருமுன். மற்றொன்று, இன்ன செயலைச் செய்தாயா என்று கேட்கும் மனிதர் மன்று. சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என வினை மூவகைப்படும் என்று கற்பிக்கின்றோம். ஒருவன் நுகர்வது அவன் பிராரத்தமாகுக. அதனை அவனுக்கு அநியாயமாய் ஊட்டிய கைக்கு ஆகாமியம் ஏறுகின்றதே, அதனை மறந்துவிடுகின்றோம். வினை சடமாதலின் தானே வந்து பொருந்தாது; இறைவனே அதனைக் கூட்டுவிப்பன் என்பது சித்தாந்தம். அவன் கூட்டுவித்தல் நோய்க்கு மருந்து ஊட்டும் தாயின் செயல்போல்வது. அதனை மறக்கருணை என்பர் பெரியோர். அக்கருணையும் அவ்வறிவும் இல்லாத மனிதன், நான் இவன் வினையைக் கழிக்கின்றேன் என்று பிறனை வருத்துவானாயின், மருத்துவன் கத்தியைக் களவாடிக் குத்தியவன் ஆவான்.

அன்றியும், பிறனுடைய வினைக்கணக்கை நாம் கண்டோமா? திருநாவுக்கரசு நாயனாரை நீற்றறையிலிட்டனர், நஞ்சூட்டினர், கல்லிற் பிணித்துக் கடலிலிட்டனர். மெய்ப்பொருள் நாயனாரை வஞ்சகன் ஒருவன் திருவேடந் தாங்கிவந்து குத்தினான். இவற்றைப் படிக்குஞ் சைவன் எவனேனும், இவர்கள் பெருங்குற்றவாளிகள் என்று துணிவானோ? நாயன்மார்க்குக் கூறாத காரணத்தை, கொழுந்து பறிக்கும் ஏழைப் பெண்ணுக்கு மாத்திரம் கூறுதல் என்ன நியாயம்?

வினையை நுகர்ந்தே தீரவேண்டுமாயின், துன்புறுவோனுக்கு உதவுதல் இறைவன் ஆணைக்கு மாறாகாதோ எனின், ஆகாது. பசி ஒருவனுக்கு வினையால் வந்ததாயின், அப்பசி தீர்தலும் வினையால் வருவதே. தீர்க்கும் கையாக நம்மை இறைவன் நிறுத்தியிருக்க, நாம் கையை மடக்கிக்கொண்டு தத்துவம் பேசுதல் ஆணைக்கு மாறாகும். இளையான்குடிமாற நாயனார் நள்ளிரவில் விதைநெல்லை வாரிவந்து அடியாருக்கு அமுதிட்டார். வந்தவர் பசியின் காரணத்தை அவர் ஆராய்ந்ததில்லை.

கிறிஸ்தவர் கொள்கைக்கும் நம் கொள்கைக்கும் வேற்றுமை இல்லை என்று கூறி ஒப்பேற்றுதல் நம் கருத்தன்று. ஊழியன் பிறர் பாவத்தைத் தான் சுமந்தான், அதனால் அவர்கள் பாவம் நீங்கிற்று என்பது அவர்கள் கொள்கை. ஒருவன் வினையை மற்றொருவன் நுகர்ந்து தீர்த்தல் சித்தாந்தத்திற்கு உடன்பாடன்று. ஆயினும், பிறர்பொருட்டு இறைவன் அடிபட்ட செய்தி நமக்கும் உண்டு. வைகை பெருகியபோது, வந்தி என்னும் கிழவிக்காகச் சோமசுந்தரப் பெருமான் கூலியாளாக வந்து, பிட்டு வாங்கியுண்டு, மண் சுமந்தார். பங்கு அடைபடாமை கண்ட பாண்டியன் பிரம்பால் அடித்தான். அவ்வடி அடித்தவன் முதுகிலும் பட்டது. அமைச்சர் முதுகிலும் பட்டது. எல்லா உயிர்மேலும் பட்டது. அங்கே எல்லார்க்கும் உரிய அடியை ஒருவன் தாங்கினான் என்பது. இங்கே ஒருவன்மேல் விழுந்த அடி எல்லார்மேலும் விழுந்தது என்பது. இரண்டும் வேறு. ஆயினும், அடிபட்ட கூலியாளைப் பார்த்து, இவன் தீயவன் ஆகலின் அடிபட்டான் என்று கூறுவாரை இரண்டும் ஒருங்கே மறுக்கின்றன. கங்காணியின் பிரம்பையும் பிரட்டுக்களத்தையும் அறிந்த தோட்டத்து மக்களின் பேரர்களுக்கு இப்புராணத்தைக் கற்பிக்கும் ஆசிரியர், அதன் பொருளை இவ்விடத்தில் வைத்துக் காட்டுதல் தகும்.

இனி, மலைநாட்டு வரலாற்றை இவ்வாக்கியத்தின் எதிரே வைத்துப் பார்ப்பாம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தமிழ்நாட்டுப் பஞ்சத்தாலும் கடனாலும் தள்ளப்பட்ட மக்கள், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்தனர். வழியில் நோயாலும் பசியாலும் மாண்டவர் பல்லாயிரவர். 1869ஆம் ஆண்டில் தோன்றிய இலைநோயாற் கோப்பி அழியவே, தேயிலை பரவிற்று. கொத்மலை, அற்றன், நுவரெலியா மலைகளெல்லாம் அவர்கள் கைபட்டுப் பசுமையாயின. 1940ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள், ஏவாகெட்டைப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்திலே, வேலைநிறுத்தக் காலத்தில், பொலிசார் சுட்டதனாற் கோவிந்தன் என்னுந் தொழிலாளி இறந்தார். கூலி உயர்வு கேட்டல் கொலைக்குரிய குற்றமென்று எந்நாட்டு நீதிநூலும் கூறுவதில்லை.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தோட்டப் பகுதிகளிலிருந்து இலங்கை இந்தியன் காங்கிரசின் உறுப்பினர் எழுவர் பாராளுமன்றஞ் சென்றனர். மறு ஆண்டில் நாடு சுதந்திரம் பெற்றது. அவ்வாண்டிலேயே 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. பிறப்பால் குடியுரிமை கோருவோன் தன் தந்தை இலங்கையிற் பிறந்தமையை, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தமையை நிறுவுதல் வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. பதிவுப் பத்திரமில்லாத காலத்து லயன் அறைகளிற் பிறந்து மடிந்தோரின் பிறப்பை யார் நிறுவுவார்? இலட்சக்கணக்கானோர் எந்நாட்டினரும் அல்லர் ஆயினர். அடுத்த ஆண்டுச் சட்டத்தால் வாக்குரிமையும் போயிற்று. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர்கள் சார்பில் ஒருவரும் தெரிவாகவில்லை. 1964ஆம் ஆண்டிலே சிறிமாவோ, சாஸ்திரி ஆகிய இருவரும் செய்த உடன்படிக்கை, 975,000 பேரை எண்ணி, 525,000 பேரை இந்தியாவிற்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேர் 1974ஆம் ஆண்டிலே பாதிப்பாதியாகப் பகுக்கப்பட்டனர். இப்பங்கீட்டில் அம்மக்கள் கருத்து வினாவப்படவில்லை. எஞ்சியிருந்தோர்க்குக் குடியுரிமை வழங்கிய 35ஆம் இலக்கச் சட்டம் வந்தது 2003ஆம் ஆண்டிலேயாம்.

நியாயம் வழங்கப்பட்டிலது; தலைமுறையை எடுத்துச் சொல்பவர் யார்; நிலத்தினின்று அறுப்புண்டான். இம்மூன்றையும் 1948ஆம் ஆண்டுச் செய்தியோடு சேர்த்துப் பார்க்கும்போது நெஞ்சம் நடுங்குகின்றது. தலைமுறை என்று நாம் கூறிய எபிரேயச் சொல்லுக்கு வமிசமென்றும், சந்ததியென்றும், அக்காலத்து மக்களென்றும் பலவாறு பொருள் கொள்வர். எப்பொருள் கொள்ளினும் பொருத்தங் குறைவதில்லை. அதுபற்றி, ஏசாயா நம் மலைநாட்டைக் குறித்தே முன்னறிவித்தார் என்று ஒருவர் கூறுவாராயின், அது பிழை. பழைய வாக்கியத்தைத் தம் விருப்பிற்கு வளைத்தலாகும். வாக்கியம் மலைநாட்டை முன்னறிவித்திலது, மலைநாட்டை விளக்குகின்றது. எங்கே ஒரு கூட்டத்தார் நியாயமின்றி நசுக்கப்படுகின்றனரோ, எங்கே பார்த்திருப்போர் அஃது அவர் விதி என்று கூறி அமைகின்றனரோ, அங்கெல்லாம் அது நின்று விளக்கும்.

இதனை நம்மவர்க்கே உரிய துயரமாக்கி நிறுத்துதலும் நேர்மையன்று. மகாவலி அபிவிருத்தியின்பொருட்டுக் கொத்மலை ஓயாவுக்குக் குறுக்கே கட்டப்பட்ட அணை 1985ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. அந்நீர்த்தேக்கத்துள் பழைய சிங்களக் கிராமங்களும் வயல்களும் விகாரைகளும் மூழ்கின. நீர் வற்றுங் காலங்களிற் கடதொர விகாரையின் சிதைவுகள் வெளிப்படுதல் உண்டு. அணையால் நாட்டிற்கு மின்சாரமும் பாசனமும் கிடைத்தன. ஆயினும், முன்னோர் நிலத்தை விட்டகன்ற குடிகளை நோக்கி, இஃது உங்கள் கருமம் என்று நாம் கூறுவோமாயின், நம்மை நோக்கிச் சொல்லப்பட்ட கொடுஞ்சொல்லை நாமே பிறர்க்குச் சொன்னவராவோம்.

ஆசிரியர்கள் செய்யத்தக்கது யாது? பிள்ளை இவ்வாக்கியத்தைக் கொண்டுவரின், அது வேறு மதம் என்று தள்ளற்க. அதிகாரம் முழுவதையும் அமைதியாக வாசித்துக் காட்டுக. மூலம் கூறுவது இது, கிறிஸ்தவர் கொள்ளும் பொருள் இது, யூதர் கொள்ளும் பொருள் இது, சித்தாந்தம் வேறுபடுமிடம் இது என்று பகுத்துரைக்க. அயல்வீட்டுப் பிள்ளையின் வேதத்தை நேர்மையாக வாசிக்கக் கற்ற பிள்ளை, தன் திருமுறையையும் நேர்மையாக வாசிக்கக் கற்கும்.

வினைக் கொள்கையைக் கற்பிக்கும்போது அதனைத் தன்மேல் வைத்துக் கற்பிக்க. என் துன்பத்திற்கு என் வினையே காரணம் என்று ஒருவன் தன்னைக் குறித்துச் சொல்லின் அது பொறுமைக்கும் திருந்துதற்கும் ஏதுவாகும். அச்சொல்லையே பிறனைக் குறித்துச் சொல்லின் அது கல்நெஞ்சுக்கு ஏதுவாகும். வலியோன் தான் வருத்தினவனைக் குறித்துச் சொல்லின் அது பொய்ச்சான்றாகும். சொல் ஒன்றே, சொல்லும் வாயால் மூன்றாகின்றது. இவ்வேறுபாட்டை எட்டாம் வகுப்புப் பிள்ளையும் அறியும்.

எங்கள் தலையெழுத்து இதுதானா ஐயா என்று ஒரு பிள்ளை கேட்குமாயின், ஆம் என்று சொல்லிக் கடந்து செல்லற்க. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தை எழுதியது பிரமன் அல்லன், மனிதர். மனிதர் எழுதியதை மனிதர் 2003ஆம் ஆண்டிலே மாற்றினர். இதனை அப்பிள்ளைக்கு ஆண்டோடும் பெயரோடும் சொல்லுக. இறைவன் கணக்கை இறைவனிடம் விடுக. மனிதர் கணக்கை மனிதரிடம் கேட்கக் கற்பிக்க.

அம்மந்திரி தேரிலிருந்து கேட்ட வினாவிற்கு விடை பல. அவ்விடைகளுள் ஒன்றைத் தேர்ந்து நம்புதல் கிறிஸ்தவர்க்கும் யூதர்க்கும் உரிய காரியம். துன்புற்றவனைக் குற்றவாளி என்று கூறிப் பின் வருந்திய அக்கூட்டத்திலே நாம் நிற்கின்றோமா என்று ஆராய்தலோ எல்லார்க்கும் உரியது. பிள்ளைகள்முன் நாடோறும் நிற்கும் ஆசிரியர்க்கு முதற்கண் உரியது.